குரலும் இமையும்: ஒரு வகுப்பறைக் கவனிப்பு

எங்கள் பள்ளி பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் இருக்கிறது. விமானம் தலைக்கு மேலே தாழ்ந்து போகும்போது பாடத்தை நிறுத்தி, அது கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்களுக்குப் பழகிவிட்டது. நிறுத்த மனமில்லாதவர்கள் குரலை உயர்த்திப் பேசுவார்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது எல்லாருக்கும் தொண்டை கட்டும். உப்பு போட்ட வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு, ஒருநாள் மௌனம் என்று சமாளித்துவிடுவோம். குரல் மாறினால் அதை ஆசிரியர் வேலையின் ஒரு பகுதி என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

பக்கத்து வகுப்புத் தமிழாசிரியையின் குரல் மாறியபோதும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே உள்ள சுவர் மேற்கூரை வரை எழும்பாதது. அவர் பாடம் நடத்துவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். முதல் பாடவேளையில் மணி போல் ஒலிக்கும் குரல், மதிய உணவுக்குப் பிறகு மூக்கடைத்தவர் பேசுவதுபோல் ஆகிவிடும். மாலை ஆசிரியர் அறையில் இடது கண் பாதி மூடியபடி உட்கார்ந்திருப்பார். "டீச்சருக்குத் தூக்கம் வந்துருச்சு" என்று நாங்களே கேலி செய்திருக்கிறோம். அதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

முதலில் கவனித்துச் சொன்னவள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. "மிஸ்ஸுக்கு மத்தியானத்துக்கு மேல ஒரு கண்ணு சின்னதாயிடுது சார். காலையில ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு" என்றாள். அந்த இரண்டு வாக்கியங்களில் நோயறிதலின் பாதி அடங்கியிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அதற்குள் அவர் மூன்று முறை மருத்துவரைப் பார்த்திருந்தார். மூன்று முறையும் காலையில், பள்ளிக்கு வரும் வழியில். அந்த நேரத்தில் இமை நேராக இருந்தது, குரலும் தெளிவாக இருந்தது. பார்த்தவருக்கு எதுவும் தென்படாததில் வியப்பில்லை. நான்காம் முறை போகும்போது, ஐந்து நாட்களுக்கு எந்த மணிக்கு என்ன மாறியது என்று எழுதிய ஒரு தாளையும் கைப்பேசியில் எடுத்த படங்களையும் கொடுத்து அனுப்பினோம். மருத்துவர் தாளைப் படித்ததும் அவரை நரம்பியல் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்.

குரல் மாற்றமும் இமை தொங்குவதும் ஒருவரிடம் சேர்ந்து தெரிந்தால் மருத்துவர்கள் எந்த வழியில் யோசிக்கிறார்கள் என்பதையும், அதில் ஆசிரியரின் கண்ணும் காதும் எங்கே உதவும் என்பதையும் இங்கே பகிர்கிறேன். நோய்க்குப் பெயர் சூட்டுவது நம் வேலை அன்று. ஆனால் மருத்துவர் ஒருவரைப் பத்து நிமிடம்தான் பார்க்கிறார். நாமோ காலை வழிபாட்டுக் கூட்டம் முதல் கடைசி மணி வரை ஒருவரை ஒருவர் பார்க்கிறோம்.

எந்தக் குரல் மாற்றம்?

"குரல் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதால் மருத்துவருக்குப் பெரிய பயனில்லை. குரல் மாற்றத்தில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

முதலாவது கரகரப்பு. குரல்வளையில் உள்ள குரல் நாண்கள் வீங்கினாலோ, அவற்றில் முடிச்சு தோன்றினாலோ, அவற்றை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டாலோ குரல் கரகரக்கும், அல்லது காற்றாகப் போகும். நமக்கு வழக்கமாக வரும் தொண்டைக்கட்டு இந்த வகை.

இரண்டாவது மூக்கொலி. வாயின் மேற்கூரையின் பின்பகுதியில் இருக்கும் மென்மையான அண்ணம், பேசும்போது மேலெழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. அந்தத் தசை சோர்ந்தால் காற்று மூக்கு வழியே கசியும். இதைக் கண்டுகொள்ளத் தமிழாசிரியர்களுக்குக் கூடுதல் வசதி உண்டு. வல்லின எழுத்துகளுக்கு மார்பையும் மெல்லின எழுத்துகளுக்கு மூக்கையும் பிறப்பிடமாக நன்னூல் கூறுவதை நாம் கற்பிக்கிறோம். அண்ணம் சோரும்போது வல்லினம் மெல்லினத்தின் பக்கம் சாய்கிறது. 'பாடம்' என்ற சொல் 'மாணம்' என்பதுபோலக் காதில் விழும். சளியால் மூக்கடைத்தவரிடம் நேர்மாறாக நடக்கும்: 'மாமா' என்பது 'பாபா' போல ஒலிக்கும். காற்று கசிகிறதா, அடைபடுகிறதா என்பதை இந்த ஒரு வேறுபாடே காட்டிவிடும்.

மூன்றாவது குழறல். நாக்கும் உதடும் சரியாக இயங்காததால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் சக ஆசிரியைக்கு வந்தது இரண்டாம் வகை. நாங்கள் அதை முதல் வகை என்று நினைத்து மிளகு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எந்த இமைச் சரிவு?

மேல் இமையைத் தூக்கிப் பிடிப்பவை இரண்டு தசைகள். பெரிய தசையை இயக்குவது மூளையிலிருந்து வரும் மூன்றாவது மண்டை நரம்பு. சிறிய தசைக்குப் பரிவு நரம்புகள் வருகின்றன. எனவே இமை இறங்கியிருந்தால் மருத்துவர் அடுத்ததாகப் பார்ப்பது கண்ணின் கருமணி நடுவில் உள்ள பாப்பாவை.

இமை பெரிதும் மூடி, பாப்பா விரிந்து, கடும் தலைவலியோ இரட்டைப் பார்வையோ இருந்தால் மூன்றாவது நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். மூளையின் இரத்தக்குழாய் ஒன்று புடைத்திருப்பதும் அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். இது உடனடி அவசரம்.

இமை சற்றே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் இறங்கி, அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடச் சிறுத்திருந்தால் பரிவு நரம்பின் பாதையில் எங்கோ தடை உள்ளது. இதை ஹார்னர் கூட்டறிகுறி என்பார்கள்.

இமை இறங்கினாலும் பாப்பா இரண்டும் சமமாக, வெளிச்சத்துக்கு ஒழுங்காகச் சுருங்கினால், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலோ தசையிலோ கோளாறு இருக்கலாம்.

மூன்று கால அளவுகள்

குரலையும் இமையையும் தனித்தனியாகப் பார்த்தாயிற்று. இவை சேர்ந்து வரும்போது வழிகாட்டுவது காலம்: தொடங்க எவ்வளவு நேரமானது, தொடங்கிய பின் மாறாமல் நிற்கிறதா, ஏறி இறங்குகிறதா?

நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தொடங்கினால்

முதலில் நினைக்க வேண்டியது பக்கவாதம். மூளைத்தண்டின் ஒரு பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டால் குரல் கம்மி, விழுங்குவது தடைபட்டு, தலைசுற்றி, ஒரு பக்க இமையும் இறங்கலாம். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். "வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்" என்று அனுப்பிவிடாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

இரண்டாவது நம் ஊருக்கு மிகவும் உரியது: பாம்புக்கடி. வண்டலூர், முடிச்சூர், மண்ணிவாக்கம் என்று ஏரியும் வயலும் வீட்டுமனைகளாக மாறிவரும் பகுதிகளிலிருந்து நம் மாணவர்கள் பலர் வருகிறார்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்து உறங்குபவரைக் கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் குழந்தை வயிற்றுவலியோடு எழும். பிறகு இரண்டு இமைகளும் கனத்து இறங்கும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது. அடுத்துப் பாதிக்கப்படுவது மூச்சு. காலையில் வகுப்புக்கு வந்த குழந்தை இப்படி இருந்தால், பாம்பை யாரும் பார்க்கவில்லை என்பதற்காக அந்தச் சாத்தியத்தை ஒதுக்கக் கூடாது. கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் படுக்கவைத்து, பாம்புக்கடி நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முதலுதவி.

அந்த மருந்துக்கும் நம் மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்செடுத்து, மருந்து செய்யும் நிறுவனங்களுக்குத் தருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது.

வாரக்கணக்கில் மாறாமல் நின்றால்

காலையிலும் மாலையிலும் ஒரே கரகரப்பு, ஒரு பக்கம் சற்றே இறங்கிய இமை, சிறுத்த பாப்பா என்றால் மருத்துவர் மார்பைப் பார்ப்பார். தொண்டைக்கும் கண்ணுக்கும் வந்த கோளாறுக்கு மார்பை ஏன் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றும். காரணம் நரம்புகள் செல்லும் பாதை.

குரல் நாணை அசைக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. வலப்பக்க நரம்பு கழுத்தின் அடியில் உள்ள தமனியைச் சுற்றித் திரும்புகிறது. கண்ணுக்குப் போகும் பரிவு நரம்பும் அப்படியே. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக மார்பின் மேல்பகுதிக்கு இறங்கி, நுரையீரலின் உச்சியை உரசியபடி கழுத்துக்கு ஏறி, பிறகுதான் கண்ணை அடைகிறது. எனவே நுரையீரல் உச்சியிலோ அதையொட்டியோ ஒரு கட்டி வளர்ந்தால் குரலும் இமையும் ஒன்றாகப் பாதிக்கப்படலாம். தோளிலும் கையின் உட்புறத்திலும் விடாத வலி இருப்பது இன்னொரு அடையாளம். புகைபிடிப்பவர்களிடம் இதை மருத்துவர்கள் மிகவும் கவனமாகப் பார்ப்பார்கள். அரிதாகக் காசநோயும் இப்படிக் காட்டும்.

தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயரை நாள்தோறும் கேட்கிறோம். மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. கரகரப்பு மூன்று வாரங்களைத் தாண்டினால், அது ஆசிரியர் தொண்டை என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக் குரல் நாணைப் பார்க்கச் சொல்வது நல்லது. இமையும் இறங்கியிருந்தால் மூன்று வாரம் காத்திருக்கவே வேண்டாம்.

ஒரே நாளில் ஏறி இறங்கினால்

காலையில் நலம், மாலையில் சோர்வு. ஓய்வெடுத்தால் மீட்சி, வேலை செய்தால் மீண்டும் சோர்வு. எங்கள் சக ஆசிரியையின் தாளில் இருந்தது இதுதான். மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச் சோர்வு நோயின் தனி அடையாளம் இது.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் நரம்பு மண்டலம் நடத்தும்போது அசிட்டைல்கோலின் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுகிறோம். நரம்பின் முனையிலிருந்து அது வெளிப்பட்டு, தசையின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்தினால்தான் தசை சுருங்கும். அசிட்டைல்கோலினைச் சாவி என்றும் ஏற்பியைப் பூட்டு என்றும் வைத்துக்கொள்வோம். இந்த நோயில் உடலின் நோய்த்தடுப்பு அமைப்பே தவறுதலாக அந்தப் பூட்டுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. பூட்டுகள் அடைபடுகின்றன, பல அழிந்தும் போகின்றன.

அப்படியானால் காலையில் எப்படி நன்றாக இருக்கிறது? ஒரு தசையைத் தொடர்ந்து இயக்கும்போது நரம்பு ஒவ்வொரு முறையும் சற்றுக் குறைவான சாவிகளையே வெளியிடும். இது எல்லோருக்கும் நடப்பது. நமக்குப் பூட்டுகள் தேவைக்கு மேல் இருப்பதால் அந்தக் குறைவு தெரிவதில்லை. அவர்களுக்கு மிகை இல்லை. வருகைப் பதிவேட்டில் முதல் பத்துப் பெயர்கள் தெளிவாக வரும். நாற்பதாவது பெயர் மூக்கால் வரும். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் மீண்டும் தெளியும்.

ஓயாமல் வேலை செய்யும் சிறு தசைகளே முதலில் சோர்கின்றன. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கண்ணில்தான் தொடங்குகிறது. இமை இறங்கும், சில நேரம் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். கண்ணோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. பலருக்கு அது பிற தசைகளுக்கும் பரவும், பரவுவதும் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். அப்போது குரல், மெல்லுதல், விழுங்குதல், தலைவாரக் கையுயர்த்துதல், மாடிப்படி ஏறுதல் எல்லாம் சிரமமாகும். இளம்வயதுப் பெண்களிடமும் 60 வயதைக் கடந்த ஆண்களிடமும் அதிகம் காணப்பட்டாலும் குழந்தைகளுக்கும் வரும்.

இதைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று ஆசிரியர்களுக்குச் சுவையானது. 1672இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நெடுநேரம் பேசினால் குரலே இல்லாமல் போய், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் பேசக்கூடியவரான ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். 1934இல் மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்த நோயின் தோற்றம் கியூரேர் என்னும் அம்பு நஞ்சின் விளைவைப் போலிருப்பதைக் கண்டு, அந்த நஞ்சுக்கு மாற்றாகத் தரப்படும் ஃபைசோஸ்டிக்மினைத் தம் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். இறங்கியிருந்த இமை உயர்ந்தது. இன்றும் முதலில் தரப்படும் பிரிடோஸ்டிக்மின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

கட்டுவிரியன் இங்கேயும் வருகிறது. தைவானில் வாழும் ஒரு கட்டுவிரியன் இனத்தின் நஞ்சிலிருந்து சாங், லீ என்ற இருவர் 1963இல் பிரித்தெடுத்த ஒரு பொருள், மேலே சொன்ன பூட்டில் இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. 1973இல் ஃபாம்பிரோ, டிராக்மன், சத்யமூர்த்தி ஆகியோர் அதைக் கொண்டு தசையில் உள்ள பூட்டுகளை எண்ணினார்கள். இந்த நோயாளிகளுக்கு அவை மிகக் குறைவு என்று தெரிந்தது. குழந்தையின் இமையை இறக்கும் பாம்பு நஞ்சு, இமை இறங்கும் நோய் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டித் தந்தது.

மருத்துவர் என்ன செய்வார்?

நோயாளி சொல்வதைக் கேட்ட பிறகு, எளிய சோதனைகளே முதலில். ஒரு நிமிடம் இமைக்காமல் மேலே பார்க்கச் சொல்வார். இமை மெல்ல இறங்குகிறதா என்று கவனிப்பார். சத்தமாக எண்ணச் சொல்வார். குரல் எந்த எண்ணில் மாறுகிறது என்று கேட்பார். மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டிப் பொதி வைத்து எடுப்பார். இந்த நோயில் குளிர்ச்சி பட்டதும் இமை சற்று நேரம் உயர்ந்து நிற்கும்.

பிறகு இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை. உடல் முழுதும் பரவிய நோயில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கும் கண்ணோடு நிற்கும் நோயில் பாதிப் பேருக்கும் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் தென்படும். அது இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. நரம்பை நொடிக்கு மூன்று முறை என்ற அளவில் மின் துடிப்பால் தூண்டி, தசையின் பதில் படிப்படியாகக் குறைகிறதா என்று பார்ப்பார்கள். 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அது முக்கியமான சான்று. மார்பு சி.டி. ஸ்கேனும் உண்டு. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்குக் கட்டி இருக்கும். தைராய்டு சோதனையும் சேர்த்துச் செய்வார்கள்.

மருத்துவம் உண்டு. பிரிடோஸ்டிக்மின் மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். நோய்த்தடுப்பு அமைப்பின் தவறான தாக்குதலைத் தணிக்க ஸ்டீராய்டும் பிற மருந்துகளும் தருவார்கள். சிலருக்குத் தைமஸ் சுரப்பியை அகற்றும் அறுவைச் சிகிச்சை நல்ல பயன் தருகிறது. நடிகர் அமிதாப் பச்சனுக்கு இந்த நோய் இருப்பது 1984இல் தெரியவந்தது. அதன் பிறகும் அவர் பல பத்தாண்டுகள் நடித்துவருகிறார் என்பது அனைவருக்கும் தெரியும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளும், இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும், மெக்னீசியம் ஊசியும் இந்த நோயைக் கடுமையாக்கலாம். காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்கும் வழக்கத்தை இவர்கள் விட வேண்டும். பல் மருத்துவர் உட்பட எல்லா மருத்துவரிடமும் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும்.

அவசரம் எப்போது?

இந்த நோயில் அஞ்ச வேண்டியது மூச்சுத் தசைகள் சோர்வதை. தண்ணீர் மூக்கு வழியே வருவது, எச்சிலை விழுங்க முடியாதது, இருமக்கூட வலு இல்லாதது, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவை முன்னறிவிப்புகள். மருத்துவமனைகளில் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லிப் பார்ப்பார்கள். நமக்குத் தெரிந்த கபடிப் பாட்டின் அதே கணக்குத்தான். நலமாக உள்ள பெரியவர் ஆழ மூச்சிழுத்து ஏறத்தாழ 50 வரை எண்ணிவிடலாம். 15, 20ஐத் தாண்ட முடியாவிட்டால் மூச்சு ஆபத்தில் இருக்கலாம். பேச்சு தெளிவாக இல்லாதபோது இதை நாமே சோதித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

ஆசிரியர் எழுத வேண்டிய தாள்

சக ஆசிரியருக்கோ மாணவருக்கோ இப்படி ஒரு மாற்றம் தெரிந்து, அது அவசர வகை அல்ல என்றால், ஐந்து நாள் குறிப்பு மருத்துவருக்குப் பேருதவி. சம்பந்தப்பட்டவரின், மாணவரானால் பெற்றோரின், ஒப்புதலோடு மட்டுமே எழுத வேண்டும். வகுப்பில் யாருக்கும் காட்டக் கூடாது.

1. நேரம்: காலை வழிபாடு, இடைவேளைக்கு முன், உணவுக்குப் பின், கடைசிப் பாடவேளை என நான்கு முறை.

2. குரல்: கரகரப்பா, மூக்கொலியா, குழறலா? ஒரே பத்தியைக் காலையிலும் மாலையிலும் வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யலாம்.

3. கண்: எந்தக் கண்? ஒரே தொலைவில், ஒரே வெளிச்சத்தில், நேராகப் பார்க்கவைத்து ஒரு படம். பாப்பா இரண்டும் சமமா?

4. ஓய்வு: பத்து நிமிடம் கண்மூடிப் பேசாமல் இருந்த பின் மாற்றம் உண்டா?

5. உடன் வருபவை: இரட்டைப் பார்வை, மெல்லும்போது தாடை சோர்தல், விழுங்கும்போது புரையேறுதல், மாடி ஏறச் சிரமம்.

6. அந்த வாரம் எடுத்த மருந்துகளின் பெயர்கள்.

மாணவர்களைப் பொறுத்தவரை பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இந்தக் குறிப்பைக் கொடுக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றினால் பெற்றோரை அழைத்துப் பேசி அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம். கடைசிப் பாடவேளையில் கண் சொருகும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இரவுத் தூக்கம்தான் குறைவு. ஆனாலும் தூங்கி வழிபவனுக்கு இரண்டு இமைகளும் சேர்ந்தே சரியும், எழுப்பினால் இரண்டும் திறக்கும். எழுப்பிய பிறகும் ஓர் இமை மட்டும் திறக்காமல் நின்றால், எழுந்து நிற்கச் சொல்லித் தண்டிப்பதற்கு முன் ஒரு கணம் நிதானிக்க வேண்டும்.

இன்று எங்கள் பள்ளியில்

சக ஆசிரியைக்கு மயஸ்தீனியா உறுதியானது. மருந்து தொடர்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறார். தலைமை ஆசிரியரிடம் பேசி அவருடைய பாடவேளைகளில் நான்கைக் காலைக்கு மாற்றினோம். பிற்பகல் வகுப்பில் அவர் வாசிப்பதற்குப் பதிலாக மாணவர்கள் முறைவைத்து வாசிக்கிறார்கள். அதனால் அவர்களின் வாசிப்பும் தேறியிருக்கிறது. கழுத்தில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம். வெயில் கடுமையான நாட்களிலும் காய்ச்சல் வந்த வாரத்திலும் இமை இன்னும் இறங்கத்தான் செய்கிறது. அன்று அவர் உட்கார்ந்தபடியே பாடம் நடத்துவார்.

நோய் பெரிய தொல்லையாக இருந்ததா என்று ஒருநாள் கேட்டேன். "நோயைவிட, சோம்பேறின்னு நினைச்சுடுவாங்களோங்கற பயம்தான் சார் பெருசா இருந்துச்சு" என்றார். அவரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஏழாம் வகுப்பு மாணவி இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாள், மணியையும் பார்த்தாள். உற்றுநோக்கலை அறிவியலின் முதல் படி என்று ஆண்டுதோறும் நடத்தும் நான், என் பக்கத்து வகுப்பில் அதைச் செய்யவில்லை.